பதினேழாவது டிராக்

பாட்டின் பன்னிரண்டாவது சுற்றில் அவன் வாசிக்காத ஒரு சுரம் இருந்தது.

கீபோர்டின் சின்னத் திரையில் வரிசை வரிசையாக எண்கள். எந்தக் கட்டை, எந்த நொடி, எவ்வளவு அழுத்தம் என்று விரலின் ஒவ்வொரு தொடுதலுக்கும் மெஷின் ஒரு வரி எழுதிவைத்துவிடும். பதிவு செய்த பாட்டைக் காதால் கேட்டு மட்டும் திருத்துகிற ஆள் இல்லை அவன். அந்தப் பட்டியலைத் திறந்து, அரிசியில் கல் பொறுக்குவதுபோல் வரி வரியாகப் பொறுக்கினால்தான் அவனுக்கு மனசு ஆறும். அப்படிப் பொறுக்கும்போதுதான் அது கண்ணில் பட்டது. இடது கோடியில் இருக்கும் கடைசிக் கட்டை. நூற்றிருபத்தேழு வரை போகிற அழுத்தத்தில் இதற்கு ஒன்றே ஒன்று. ஓர் ஈ உட்கார்ந்து எழுந்தால் அவ்வளவுதான் இருக்கும்.

அழித்தான். பாட்டை மறுபடி ஓடவிட்டுப் பார்த்தான். இப்போது அங்கே இரண்டு இருந்தன.

ஓட்டல் மாடிகளிலும் வரவேற்பு அரங்குகளிலும் இருபது வருடமாகத் தனியாளாக வாசித்துப் பிழைக்கிறவன். இடது கையில் மூன்று கட்டையைச் சேர்த்துக் கார்டு பிடித்தால் டிரம்ஸும் பேஸும் கிதாரும் தானாகக் கூட வந்து சேர்ந்துகொள்ளும் கீபோர்டு, வலது கையில் பாட்டு, காலடியில் ஓர் ஒயர் மூட்டை. கூட வேலை செய்யும் பாடகர்கள் அவனுக்கு 'டைமிங்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். மரியாதையாக வைத்த பெயர் ஒன்றும் இல்லை. அடுப்படியில் வெங்காயம் நறுக்கும் சத்தம் தாளம் தப்பினால்கூட அடுத்த அறையிலிருந்து இருமுகிற ஆள் என்று அவன் மனைவி சிரிப்பாள். சிரித்து முடிக்குமுன் அவளுக்கு மூச்சு வாங்கும்.

மெஷின் பழையது. கீபோர்டு பழுது பார்க்கும் மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி, போன மாதம் கொண்டுவந்து கொடுத்தது. டைமிங் அவனுக்கே போன் போட்டான்.

"மாப்ள, நீ குடுத்த பொட்டில பேய் வாசிக்குதுடா."

"பேய்க்காவது தாளம் நிக்குதா மாமா, இல்ல அதையும் திட்டிட்டீங்களா?" என்று சிரித்தான் மைத்துனன். "கட்டைக்கு அடியில தூசி இருக்கும். ஆஃப் பண்ணிட்டு, கோடியில இருக்குற ரெண்டு பட்டனையும் சேர்த்து அழுத்திக்கிட்டே ஆன் பண்ணுங்க. கம்பெனிக்காரன் தன் சோதனைக்குன்னு உள்ள ஒரு மெனு வச்சிருப்பான். புத்தகத்துல போட மாட்டான். அதுல ஒவ்வொரு கட்டையா பாத்துடலாம்."

காலை ஏழு மணிகூட ஆகவில்லை. அவர்களுடைய படுக்கையறைதான் அவனுடைய பதிவறையும். வெளிச்சத்தம் வராமலிருக்க ஜன்னலில் பழைய மெத்தையைச் சாத்திவைத்திருந்ததால் விடிந்தும் விடியாத ஒரு சாம்பல் வெளிச்சமே உள்ளே நின்றது. சூடேறிய மெஷினின் தூசி வாசனையும், தலைமாட்டில் அடுக்கியிருந்த மாத்திரைகளின் கசப்பு வாசனையும், மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் போடும் முனகலும் அந்த அறைக்குப் பழகிப்போனவை. கட்டிலில் மனைவி சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு பட்டன்களையும் அழுத்திக்கொண்டே அவன் மெஷினை ஆன் செய்தான்.

திரை கறுப்பாகி, வெளிறி, அவன் பார்த்திராத ஒரு பக்கத்தைக் காட்டியது. வாத்தியத்துக்கு ஒன்றாக, டிராக் ஒன்று, இரண்டு, மூன்று. அந்த மெஷினில் பதினாறோடு முடிய வேண்டும். முடியவில்லை. பதினேழு என்று ஒன்று இருந்தது. அதன் பக்கத்தில் சிவப்புப் புள்ளி. சிவப்பு என்றால் பதிவு நடக்கிறது என்று அர்த்தம்.

யாரும் எதையும் வாசிக்கவில்லை. அவன் கைகள் மடியில் இருந்தன.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த ஒரு டிராக்கை மட்டும் வைத்து ஒலியைக் கூட்டினான். முதலில் இரைச்சல். பிறகு இரைச்சலுக்கு அடியிலிருந்து, தலையணைக்குள் யாரோ முட்டுவதுபோல், தொம் தொம். தொம் தொம். தொம். ஓர் இடைவெளி. அந்த இடைவெளி நீண்டது, இன்னும் நீண்டது, அப்புறம் தடுக்கி விழுந்து எழுந்தாற்போல் மூன்று சேர்ந்து ஓடின.

அந்தத் தடுக்கலை அவனுக்குத் தெரியும். நாலு வருடமாக ராத்திரி ராத்திரி அவள் முதுகில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிற தடுக்கல். எழுந்துபோய் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். விரலுக்கு அடியிலும் ஹெட்போனிலும் ஒரே நேரத்தில் அடித்தது.

பயப்பட வேண்டியவன்தான். ஆனால் முதலில் வந்தது பயமில்லை, எரிச்சல். தாளம் தப்பிய ஒரு டிராக். அவன் கண்ணெதிரே.

இதயத்துடிப்பு முறையாக இல்லை, ஆபரேஷனை உடம்பு தாங்காது, மாத்திரையில் ஓடுகிறவரை ஓடட்டும் என்று டாக்டர் கைவிரித்துவிட்டிருந்தார். போன மாதம் மட்டும் இரண்டு தடவை மயங்கி விழுந்தாள். கண்ணாடிக்கடை வேலையையும் விட்டுவிட்டாள். ஒவ்வொரு நாளும் அவன் வாசித்துவிட்டு வீட்டுக்கு வந்து பூட்டைத் திறக்கும்போது கை நடுங்கும். உள்ளே போனால் அவள் எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டும். அவனுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

டிராக்கைப் பின்னுக்குத் தள்ளித் தேடினான். தூக்கத்தில் அவள் இதயம் ஒழுங்காக அடித்த ஓர் இடம் கிடைத்தது. நான்கு சுற்று, பதின்மூன்று நொடி, நிமிடத்துக்கு எழுபத்திரண்டு. கெட்டுப்போன டிராக்கை அவன் தொழிலில் யாரும் சுரம் சுரமாகத் திருத்த மாட்டார்கள். நன்றாக வந்த நான்கு சுற்றை நகலெடுத்து, பாட்டு முடிகிறவரைக்கும் ஒட்டிக்கொண்டே போவார்கள். கேட்கிறவனுக்குத் தெரியவா போகிறது? அவனும் அதைத்தான் செய்தான். எத்தனை முறை ஒட்ட வேண்டும் என்று மெஷின் கேட்டது. சக்கரத்தை அது நிற்கிற இடம்வரை உருட்டினான். 99,999. சேமி என்றான்.

சிவப்புப் புள்ளி பச்சையானது. கட்டிலில் அவள் ஒரு பெருமூச்சு விட்டு மல்லாந்து படுத்தாள்.

அதற்கப்புறம் வந்த நாட்களில் அவன் சந்தோஷத்தில் தலைகால் புரியாமல்தான் திரிந்தான். அவள் மொட்டை மாடிக்குத் துணி எடுத்துக்கொண்டு ஏறினாள், இறங்கினாள், மூச்சு வாங்கவில்லை. டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றிவிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டு, "கடிகாரம் தோத்துடும் போங்க" என்றார். வெளியே வந்ததும் அவன் தெருவில் நின்று, வயசுக்கு மீறி, ஒரு பையனைப்போல் விசிலடித்தான். பூட்டைத் திறக்கும்போது கை நடுங்காமல் போனது. மெஷினை மட்டும் அவன் அணைக்கவில்லை. ஏன் என்று யோசிக்கவும் இல்லை. வாசிக்கப் போக இன்னொரு கீபோர்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டான்.

ஒன்பதாவது நாள் அடுப்பில் எண்ணெய் தீப்பிடித்தது. அவன் ஓடிப்போய் மூடியைப் போட்டு அணைத்துவிட்டுத் திரும்பினான். நெஞ்சு வெளியே வந்து விழுந்துவிடும்போல் அடித்துக்கொண்டது. அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். கை கால் வெலவெலத்திருந்தது, முகம் வெளுத்திருந்தது, ஆனால் எதையோ தேடுகிறவள்போல் தன் நெஞ்சில் கையை வைத்திருந்தாள்.

"என்னங்க, எனக்குப் பயமே வரலைங்க" என்றாள். "பயப்படணும்னு தெரியுது. உடம்பு நடுங்குது. ஆனா இங்க ஒண்ணுமே நடக்கல. முந்தாநாள் அம்மா நெனப்பு வந்து அழலாம்னு பாத்தேன். அதுவும் வரல. யாரோ என் நெஞ்சுக்குள்ள உக்காந்துக்கிட்டு, எனக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி தாளம் போடுறாங்க."

அவன் அடுப்புக்குப் பின்னால் கரி படிந்த சுவரைத் துடைக்க ஆரம்பித்தான்.

மறுநாள் மத்தியானம் மெஷின்மேல் படிந்த தூசியைத் துணியால் துடைத்தான். துணியின் ஓரம் வேகத்தைக் கூட்டும் சக்கரத்தில் பட்டது. எழுபத்திரண்டு தொண்ணூற்றாறானது. அடுப்படியில் தட்டு விழுந்தது. அது தரையில் சுழன்று சுழன்று அடங்கும் சத்தத்துக்கு நடுவே அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு இரைக்கும் சத்தமும் கேட்டது. அவன் சக்கரத்தைத் திருப்பினான். எழுபத்திரண்டு. இரைப்பு நின்றது. படிப்படியாகக் குறையவில்லை. நின்றது.

அப்போதுதான் புரிந்தது. சிவப்பு என்றால் மெஷின் கேட்டுக்கொண்டிருக்கிறது, பச்சை என்றால் மெஷின் வாசிக்கிறது. முதல் நாள் கீபோர்டு தொட்டவனுக்கும் தெரிந்த விஷயம். இருபது வருடம் தொழில் பார்த்தவன் அதைப் பார்த்தும் பார்க்காமல் விட்டிருந்தான். அவள் இதயம் இப்போது எதையும் அடிக்கவில்லை. இவன் ஒட்டியதை மெஷின் அடித்துக்கொண்டிருந்தது.

பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டான். பதின்மூன்று நொடியும் கொஞ்சமும், 99,999 தடவை. பதினைந்து நாள், பத்து மணி நேரம். வரும் புதன்கிழமை மாலை ஐந்து இருபதுக்குப் பாட்டு முடிகிறது. அதற்குப் பிறகு பட்டியலில் ஒன்றுமில்லை. வெறும் வரிகள்.

இன்னும் ஒட்டிவிடலாம் என்று பார்த்தான். திரை மறுத்தது. ஓடிக்கொண்டிருக்கும் பாட்டைத் திருத்த முடியாது, நிறுத்திவிட்டுத் திருத்து. தேடித் தேடிப் பட்டியலில் கீழே போனான். பதினேழுக்குக் கீழே பதினெட்டு இருந்தது. பத்தொன்பது, இருபது என்று போய்க்கொண்டே இருந்தது. எல்லாமே சிவப்பு. எதையெதையோ கேட்டுக்கொண்டிருந்தன. அவன் அவற்றைத் திறக்கவில்லை.

மைத்துனன் கடையில் அதே மாடல் கீபோர்டு ஒன்று பிரித்தும் பிரிக்காமலும் கிடந்தது. மெஷின் நிற்கிற நேரம் முழுக்க அவள் இதயமும் நிற்கும்; அந்த நேரத்தைக் குறைக்க, காரணம் சொல்லாமல் அதன் முன்னால் உட்கார்ந்து பழகினான். நிறுத்து, மெனு, பக்கம், நகல், ஒட்டு, சேமி, ஓடவிடு. முதல் தடவை நாற்பத்தொரு நொடி. இரண்டு நாள் விரல் வலிக்கப் பழகிப் பத்தொன்பதுக்குக் கொண்டுவந்தான். அதற்குக் கீழே போகவில்லை. சேமிக்க மெஷின் எடுத்துக்கொள்ளும் நேரம் அது. மெஷினைத் திட்டி என்ன பிரயோஜனம்.

"மாமா, நீங்க பண்றது ஒண்ணும் புரியல" என்றான் மைத்துனன், சால்டரிங் புகையை ஊதிவிட்டுக்கொண்டு. "அந்தப் பொட்டி சரியில்லன்னா திருப்பிக் குடுத்துடுங்க. எனக்கே அது பிடிக்கல. ஆளில்லாத ஒரு வீட்டக் காலி பண்ணும்போது எடுத்தது. நான் போனப்ப அது தன்னால ஓடிக்கிட்டு இருந்துச்சு. சத்தமே இல்ல, பச்ச லைட்டு மட்டும் எரிஞ்சுது. பிளக்கப் புடுங்கித்தான் தூக்கிட்டு வந்தேன்."

அந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்று டைமிங் கேட்கவில்லை. கேட்டால் மைத்துனன் பதில் சொல்லிவிடுவான்.

அன்று ராத்திரி மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் வந்தால் அவளுக்குக் கழுத்து நரம்பு புடைக்கும். கோபம் வந்திருந்தது, கண்ணில் தெரிந்தது. நரம்பு மட்டும் எழுபத்திரண்டிலேயே துடித்தது.

"என்னைக் கேட்டிருக்கலாமே" என்றாள் கடைசியில். "அது நொண்டி நொண்டி நடந்தாலும் என்னோடதுங்க. புதன்கிழமை வர்றப்ப நீங்களே நிறுத்திடுங்க. புதுசா எதையும் ஒட்ட வேண்டாம். நிறுத்துனா பழையபடி அது தானா அடிச்சாலும் அடிக்கும். அடிக்கலைன்னா போகட்டும். எனக்கு சத்தியம் பண்ணுங்க."

பண்ணினான். அவள் கையில் கை வைத்து, அழுதுகொண்டே பண்ணினான். அந்த நேரத்தில் அவன் பொய் சொல்லவில்லை.

புதன்கிழமை நாலரை மணிக்கு ஜன்னல் மெத்தையை அவள் எடுக்கச் சொன்னாள். அறைக்குள் மஞ்சள் வெயில் வந்து கட்டில்வரை நீண்டது. கீழே தெருவில் யாரோ சைக்கிள் மணியடித்தார்கள். பக்கத்து வீட்டில் குழாயடியில் குடம் நிரம்பும் சத்தம் மெல்ல மெல்ல உச்சத்துக்கு ஏறியது. அவள் தலை சீவி, வெளுத்த நீலச் சேலை கட்டி, கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அவன் மெஷின் முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டான். ஆள்காட்டி விரலை நிறுத்தும் பட்டன்மேல் வைத்தான். பட்டன் சில்லென்றிருந்தது.

ஐந்து பதினைந்து. அவள் அவன் சின்ன வயசில் வாசித்துச் சொதப்பிய ஒரு நிகழ்ச்சியைச் சொல்லிச் சிரிக்கவைக்கப் பார்த்தாள்.

ஐந்து பத்தொன்பது. திரையில் மிச்சமிருக்கும் சுற்றுகள் குறைந்தன. இருபது. பதினாறு. பன்னிரண்டு.

பூட்டைத் திறக்கும்போது கை நடுங்குவது நினைவுக்கு வந்தது. திறந்து உள்ளே போனால் யாரும் இல்லாத அறை.

எட்டு.

மெஷின் ஓடும்போதும் வேலை செய்கிற பட்டன் ஒன்று உண்டு. பாட்டு படிக்கிற பிள்ளைகளுக்காக வைத்தது. எங்கே ஆரம்பம் என்று ஒரு தடவை அழுத்து, எங்கே முடிவு என்று இன்னொரு தடவை அழுத்து. அந்த இடத்தையே மெஷின் திரும்பத் திரும்ப ஓட்டும். நீ நிறுத்துகிறவரை. இருபது வருடமாகத் தெரிந்த பட்டன். இத்தனை நாள் ஞாபகத்துக்கு வரவில்லை. இப்போது வந்தது.

நான்கு. விரல் நகர்ந்தது. அழுத்தினான்.

கட்டிலில் அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் கன்னம் நனைந்திருந்தது. எழுந்து வந்தாள். "அழாதீங்க" என்றாள். "எனக்குப் பயமா இல்ல." அவன் கண்ணைத் துடைக்கக் கையை நீட்டினாள். "நிறுத்துங்க."

ஒன்று.

மறுபடி அழுத்தினான்.

டிக் என்று ஒரு சின்னச் சத்தம். ஒட்டு போட்ட இடத்தில் வரும் சத்தம். அவள் கை அவன் கன்னத்தைத் தொட அரை விரற்கடை இருந்தது. கை பின்னால் போனது. கால்கள் பின்னால் போயின. கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். எழுந்து வந்தாள்.

"அழாதீங்க. எனக்குப் பயமா இல்ல. நிறுத்துங்க."

டிக்.

அவனுக்கு அப்போது உறைத்தது. அந்தப் பட்டன் ஒரு டிராக்கை மட்டும் திருப்பாது. முழுப் பாட்டையும் திருப்பும். பதினெட்டையும். பத்தொன்பதையும். அவள் கை, கால், குரல் என்று அதற்குக் கீழே போய்க்கொண்டே இருந்த எல்லாவற்றையும். பட்டியலை எட்டிப் பார்த்தான். சிவப்பு ஒன்றுகூட இல்லை. கடைசிவரை பச்சை.

"அழாதீங்க. எனக்குப் பயமா இல்ல. நிறுத்துங்க."

டிக்.

வெயில் கட்டிலைவிட்டு இறங்கியது. இருட்டியது. விடிந்தது. அவள் களைத்துப்போவதை மட்டும் மெஷின் திருப்பவில்லை. இரண்டாம் நாள் அவள் குரல் கரகரத்தது. உட்கார்ந்திருக்கும் மூன்று நொடியில் அவன் கரண்டியால் வாயில் தண்ணீர் விட்டான். அவள் எழும்போது அது உதட்டோரமாக வழிந்து சேலையை நனைத்தது. நடந்து நடந்து பாதம் தேய்ந்த இடத்தில் தரை கறுத்தது. மின்சாரம் போனால் என்ன செய்வது என்று பேட்டரியை இழுத்துவந்து மெஷினோடு இணைத்தான். அலமாரியைத் தள்ளிக் கதவுக்குக் குறுக்கே வைத்தான்.

மூன்றாம் நாள் மத்தியானம் மைத்துனன் வந்து கதவைத் தட்டினான்.

"அக்கா! போன எடுக்க மாட்டேங்குறீங்க ரெண்டு பேரும். கதவத் தொறக்கா!"

"அழாதீங்க. எனக்குப் பயமா இல்ல. நிறுத்துங்க."

"அப்பாடா" என்றது வெளியே இருந்த குரல். "நான் என்னவோ ஏதோன்னு பதறிட்டேன். மாமா, சண்டையா? அக்கா என்ன சொல்றா?"

டிக்.

"அழாதீங்க. எனக்குப் பயமா இல்ல. நிறுத்துங்க."

"அக்கா?"

டிக்.

"அழாதீங்க. எனக்குப் பயமா இல்ல. நிறுத்துங்க."

கதவுக்கு வெளியே சத்தம் அடங்கிப்போனது. மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது.

டைமிங் திரும்பவில்லை. அவன் அழுகையை நிறுத்தி ஒரு நாளுக்கு மேல் ஆகிவிட்டது. மெஷினுக்கு முதுகைக் கொடுத்து, இரண்டு கைகளையும் பின்னால் விரித்து நிறுத்தும் பட்டனை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் மறுபடி எழுந்து வந்தாள். வெடித்த உதடுகள் அதே இடத்தில் திறந்தன. காய்ந்துபோன அவன் கன்னத்தைத் துடைக்கக் கை அதே உயரத்துக்கு வந்தது. கண்கள் மட்டும் இப்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அகல விரிந்து, இமைக்காமல், அவன் தோளுக்குப் பின்னால் அந்தப் பட்டன் இருக்கும் இடத்தையே பார்த்தன.

"அழாதீங்க" என்றாள். "எனக்குப் பயமா இல்ல."